எது அதே மரம்?

அமெரிக்க செஸ்ட்நட் அழிந்த மரமா, உயிரோடிருக்கும் மரமா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பூஞ்சை 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் கண்டறியப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் சுமார் 400 கோடி மரங்கள் பட்டுப்போயின. மண்ணுக்கடியில் அந்தப் பூஞ்சையால் வேரைக் கொல்ல முடிவதில்லை. பட்ட மரத்தின் தூரிலிருந்து துளிர் கிளம்பும், பெரும்பாலும் பூக்கும் முன்பே நோய் கண்டு மடியும், மறுபடி துளிர்க்கும். உயிர் தொடர்கிறது, சந்ததி அற்றுப்போகிறது.

மீட்க முனைந்தவர்கள் இரு வழிகளில் சென்றார்கள். 1983இல் தொடங்கிய அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை, நோயைத் தாங்கும் சீன செஸ்ட்நட்டோடு கலப்பு செய்து, பிறந்த கன்றுகளை மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடே சேர்த்தது. மூன்று தலைமுறை இப்படிச் சேர்த்தால், கணக்குப்படி 16இல் 15 பங்கு அமெரிக்க மரபு. ஆனால் எதிர்ப்பாற்றல் பல மரபணுக்களில் சிதறிக் கிடந்தது. அமெரிக்கப் பங்கு ஏற ஏற அது தேய்ந்தது. சிராக்யூஸிலுள்ள சூழலியல், வனவியல் கல்லூரியோ கோதுமையின் மரபணு ஒன்றைச் சேர்த்தது. பூஞ்சை சுரக்கும் ஆக்ஸாலிக் அமிலத்தை அதன் நொதி சிதைக்கிறது. பூஞ்சையை அது கொல்வதில்லை.

இவற்றில் எது பழைய செஸ்ட்நட்? வம்சத்தை அளவுகோலாக்கினால், ஆய்வகத்தில் மாற்றிய மரமே பழையதற்கு நெருக்கம். மனிதக் கை படாததே இயற்கை என்றால் இரண்டுமே தேறா. ஆனால் அந்த அளவுகோலே பொருந்தாது. நோயைக் கொண்டுவந்ததும் மனிதக் கைதானே! மரம் தன் காட்டுக்கு என்னவாக இருந்தது என்று கேட்பதே நியாயம்: கரடிக்கும் வான்கோழிக்கும் கொட்டை, ஓடைப் பூச்சிக்குச் சருகு, தானே முளைக்கும் அடுத்த தலைமுறை.

இதை மரபணு வரிசையில் படித்துவிட முடியாது. புதிய மரத்தின் சருகைத் தின்னும் தலைப்பிரட்டை நலமாக வளர்கிறதா, வேரில் பூஞ்சைத் துணை சேர்கிறதா என்று காட்டில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு இங்கே வேலை குவிந்து கிடக்கிறது.

அவசரத்துக்கு இடமில்லை. கோதுமை மரபணு சேர்த்த டார்லிங் 58 வகை என்று நம்பிச் சோதித்து வந்த மரங்கள் உண்மையில் டார்லிங் 54 என 2023இல் தெரியவந்தது. அறக்கட்டளை ஆதரவை விலக்கிக்கொள்ள, கல்லூரி பணியைத் தொடர்ந்தது. காட்டில் மகரந்தமாய்ப் பறந்துவிட்டதைத் திரும்பப் பெற வழியில்லை. அதே சமயம் காட்டில் எஞ்சிய துளிர்களும் குறைந்து வருகின்றன. ஒவ்வொரு வட்டாரத்தின் பழைய மரபும் அவற்றில்தான் இருக்கிறது. எந்த வழியில் மீண்டாலும் புதிய மரங்களை அவற்றோடு கலந்தாக வேண்டும். ஆகவே பூக்கும் துளிர்களைத் தேடி, மகரந்தமும் விதையும் சேகரிப்பதே இப்போது முதல் வேலை.