கணக்கை அறிந்தவரின் கடன்

2023 நவம்பர் 14ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நாட்டின் பொருளாதாரச் சரிவுக்காக ராஜபக்ச சகோதரர் மூவரை மட்டும் குற்றங்காணவில்லை. மத்திய வங்கி ஆளுநர்களாக இருந்த டபிள்யூ. டி. லக்ஷ்மன், அஜித் நிவாட் கப்ரால், திறைசேரிச் செயலாளராக இருந்த எஸ். ஆர். ஆட்டிகல முதலியோரும் மக்களின் நம்பிக்கையை மீறினர் என்று நான்கு நீதியரசர்கள் கண்டனர், ஒருவர் மாறுபட்டார். அரசியல்வாதிகளின் பெயர்கள் அங்கே இருப்பதில் வியப்பில்லை. நெஞ்சை அரிப்பது அடுத்த வரிசைதான். லக்ஷ்மன் நாடறிந்த பொருளியல் பேராசிரியர். விலையும் வரியும் நாணயமும் எப்படி இயங்கும் என்று அறிந்தவர்கள் இருந்த இடத்திலிருந்து மக்களுக்கு எட்டும்படியான எச்சரிக்கை வரவில்லை. அரசின் பொருளியலாளர் யாருக்குக் கடமைப்பட்டவர், நியமித்த அமைச்சருக்கா, சம்பளம் கொடுக்கும் மக்களுக்கா? மக்களுக்கே. ஆள்வோர் விரும்பாத கணக்கையும் அவர் சொல்லியாக வேண்டும். எழுத்தில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால், பொய்க்கணக்கிற்குத் தம் பெயரைக் கொடுக்க மறுக்க வேண்டும்.

இது மேல்நாட்டார் வகுத்துத் தந்த நெறியன்று. அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளினாலும், உறுதியானதை எடுத்துரைப்பது பக்கத்தில் இருப்பவனின் கடமை என்று 'அமைச்சு' அதிகாரத்திலேயே வள்ளுவர் விதித்துவிட்டார். இடித்துரைப்பவர் இல்லாத அரசன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்றும் சொன்னார். கம்பனில் வீடணன் அவை நடுவே தமையனுக்கு எதிராக நீதி சொன்னான். போருக்குப் போகுமுன் கும்பகருணனும் சொன்னான். ஒருவன் பிரிந்தான், மற்றவன் மாண்டான். இருவரில் எவனும் உண்மையை விழுங்கவில்லை. பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரிநெறியைப் பாட்டிலே உரைத்தவர் புலவர் பிசிராந்தையார். அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்து நெல்லும் யானைக்குப் பல நாள் உணவாகும், யானை தானே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பதே மிகுதி என்றார் அவர்.

அந்த யானை நம் காலத்தில் வேறு வழியாக வயலுக்குள் வந்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. கவளம் கிடைக்காத அரசு பணத்தை அச்சிட்டது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாகி எளியவரின் சேமிப்பை மிதித்தது. ஓய்வூதியத்தையும் நிலையான வைப்பின் வட்டியையும் நம்பியிருந்த யாழ்ப்பாணத்து முதியவர்களின் அடுப்படிவரை அந்த மிதி வந்தது. டொலரை 200 ரூபாய்க்குச் சற்று மேலே கட்டிவைத்த மாதங்களில் நடந்ததும் இதுபோன்றதே. கனடாவிலும் சுவிஸிலும் உள்ள பிள்ளைகள் அனுப்பும் காசில் நிற்கும் வீடுகள் குடாநாட்டில் ஏராளம். வங்கி குறைவாகக் கொடுத்தால் அந்தக் காசு வங்கிக்கு வெளியே உண்டியலில் வரும் என்பது சுன்னாகத்துக் கடைக்காரருக்கும் தெரியும். நாட்டிற்கு வங்கிவழி வந்த பணம் 2020இல் சுமார் 710 கோடி டொலர். 2022இல் அது 380 கோடியளவாகச் சுருங்கியது. டொலர் வற்றியபோது மண்ணெண்ணெய் இல்லாமல் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் படகுகள் கரையில் கிடந்தன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. கடைக்காரர் அறிந்ததைக் கற்றவர்கள் அறியவில்லை என்று எப்படி ஏற்பது? அறிந்தும் வாளாவிருந்தால் அது அறியாமையைவிடப் பெரிய பிழை.

மறுப்புகள் உண்டு. முடிவு மக்கள் தேர்ந்தவர்களுடையது, அதிகாரி அடங்க வேண்டும் என்பது ஒன்று. உண்மைதான், முடிவெடுப்பது அமைச்சரே. ஆனால் விளைவை அறியாமல் எடுத்தது முடிவாகாது, விளைவை மறைத்தால் மக்கள் தேர்ந்ததற்கும் பொருளில்லை. டொலர் கையிருப்பின் நிலையை வெளியே சொன்னால் சந்தை நடுங்கும், குறிப்பறிந்து காலம் பார்த்துப் பேசென்று வள்ளுவரே சொல்லவில்லையா என்பது இன்னொன்று. அவர் சொன்னது எப்போது, எப்படிப் பேசுவது என்பதை. பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. தவிர, சந்தைக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இலங்கையின் தரத்தைத் திரும்பத் திரும்பத் தாழ்த்தின. 2022 ஜனவரி 18இல் 50 கோடி டொலர் பிணைமுறிக் கடன் முழுமையாகக் கட்டப்பட்டது. மூன்று மாதம் கழியுமுன், ஏப்ரல் 12இல், கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. அந்த மௌனம் காத்தது பெரிய கடன் கொடுத்தோரை. இருட்டில் நின்றது ஊர்ச் சேமிப்பாளர்.

பேசினால் பதவி போகும் என்பது மூன்றாவது. மூன்றிலும் மனிதத்தன்மை உள்ளது இதுவே. 2021இல் இரசாயனப் பசளைத் தடையை வெளிப்படையாக எதிர்த்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களின் கீழே சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் கிணற்று நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பது மெய்; பசளையைக் குறைக்க வேண்டியதும் மெய். ஒரே போகத்தில் நிறுத்த முடியாது என்பதும் அதே அளவு மெய். சில மாதங்களில் தடை விலக்கப்பட்டது. அவர் இழந்தது பொறுப்பு. பேசாதவர்களால் விவசாயி இழந்தது விளைச்சல். எந்த இழப்புப் பெரிது என்று கற்றவர்கள் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்கட்டும்.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் திறைசேரிச் செயலாளரை ஆளும் சபையிலிருந்து விலக்கியிருக்கிறது. பணவீக்க இலக்குத் தொடர்ந்து இரு காலாண்டுகள் தவறினால் பாராளுமன்றத்திற்குக் காரணம் எழுதவும் வைக்கிறது. நல்லது. ஆனால் அது மத்திய வங்கியை மட்டுமே பேசவைக்கும். திறைசேரியிலும் அமைச்சுகளிலும் இருக்கும் பொருளியலாளர் எழுதும் குறிப்புகள் கோப்புகளுக்குள்ளேயே கிடக்கின்றன. வரி, நாணயமாற்று வீதம் பற்றிய முடிவுகளை முன்கூட்டியே வெளியிடுவது கேடு விளைவிக்கும் என்றால் மறைக்கலாம் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இடம் விடுகிறது. முடிவு நடைமுறைக்கு வந்த பிறகு அந்த மறைப்புக்கு நியாயமில்லை. ஒரு வரியைக் குறைத்து ஓராண்டு ஆனதும், அதுபற்றி அதிகாரிகள் எழுதிய அறிவுரையைப் பாராளுமன்றத்தில் மூன்று மொழிகளிலும் வைக்கலாம். யார் எச்சரித்தார், யார் தலையாட்டினார் என்பதை நீதிமன்றம் வரை போகாமலே மக்கள் படித்தறியலாம்.