குறையைக் களையும் உரிமை

பழைய பொருள் ஒன்று நம் கைக்கு வந்து சேருகிறது. அதில் ஒரு குறை இருக்கிறது. அதை நீக்கும் திறமையும் நமக்கு இருக்கிறது. திறமை இருப்பதனாலேயே உரிமையும் வந்துவிடுகிறதா?

அமெரிக்காவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம்முடைய பழைய வால்வு பிரீ ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எழுதிய கடிதம்தான் இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது. பிலடெல்பியா நகரத்து டைனகோ கம்பெனியார் 1960-களில் விற்ற 'பி.ஏ.எஸ்.-3' என்ற கருவி அது. குறைந்த விலையில் நல்ல இசை என்பது அந்தக் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான டேவிட் ஹாஃப்ளரின் நோக்கம். கருவியை முழுதாகவும் விற்றார்கள். உதிரிப் பாகங்களாகவும் விற்றார்கள். வாங்கியவரே ஈயம் உருக்கிப் பற்றவைத்துப் பூர்த்தி செய்துகொள்ளலாம்.

இசைத்தட்டின் மேல் ஓடும் முள் தருகிற மின்சாரம், ஒரு வோல்ட்டை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் சில பங்குதான். அதைப் பெருக்கித் தருவது இக்கருவியின் வேலை. பெருக்குகிறவனுக்கு நல்லது கெட்டது தெரியாது. பாட்டோடு இரைச்சல் கலந்து வந்தால் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குவான். அங்கே சுவரிலிருந்து வரும் மின்சாரம் விநாடிக்கு 60 முறை அலைகிறது. அந்த அலையை ஒரே திசையில் திருப்புவது ரெக்டிஃபயர். அதன் மேடு பள்ளங்களை நிரவுவது கண்டென்ஸர். இவையெல்லாம் சேர்ந்ததே பவர் சப்ளை. அது செவ்வையாக உழைக்கும்போது, அப்படி ஒன்று இருப்பதே காதுக்குத் தெரியாது. குடும்பங்களிலும் சிலர் அப்படி இருப்பதுண்டு.

பல ஆண்டுகள் ஆனபின் கண்டென்ஸருக்குள் இருக்கும் ஈரம் வற்றிவிடுகிறது. பாட்டுக்கு அடியில் 'ம்ம்' என்று ஓர் ஓசை ஓடத் தொடங்குகிறது. வால்வுகளின் இழைகளுக்கு மின்சாரம் தரும் செலினியம் ரெக்டிஃபயரும் தளர்ந்துபோகிறது. அது கருகினால் எழும் நாற்றம் நச்சுத்தன்மை உடையது. 'செய்தவர் செய்தபடியே இருக்கட்டும்' என்று சொல்கிறவர்களின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால், பாடுவதற்கென்று பிறந்ததை ஊமையாக்கி வைத்துப் பூஜிப்பது மரியாதை ஆகுமா? மேலும், வாங்குகிறவர்களின் கைகளை நம்பித்தானே அதைச் செய்தவர்களே பாகம் பாகமாக அனுப்பி வைத்தார்கள்?

ஆகவே மாற்றத்தான் வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

செலினியத்தை எடுத்துவிட்டுச் சிலிக்கான் டையோடு வைக்கிறார்கள். அது நீடித்து உழைப்பது, சிக்கனமானது. செலினியம் தன் வழியே போகும் மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். சிலிக்கான் அவ்வளவு விழுங்காது. விளைவு? வால்வின் இழைகளுக்கு அளவு மீறிய அழுத்தம் கிடைத்து அவற்றின் ஆயுள் குறைகிறது. செலினியத்தின் பலவீனத்தையும் கணக்கில் சேர்த்தல்லவா அந்தக் கருவியை வகுத்திருந்தார்கள்! விவரம் தெரிந்தவர்கள் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து அந்த மிகுதியைக் குறைக்கிறார்கள். அதாவது, நீக்கிய குறையை அளந்து, வேண்டிய அளவுக்குத் திரும்ப வைக்கிறார்கள்.

ஏறக்குறைய 300 வோல்ட் உயர் அழுத்தத்தைத் தருவதற்கு அதில் ஒரு ரெக்டிஃபயர் வால்வு உண்டு. அது சூடேறச் சற்றுத் தாமதமாகும். அதற்குள் மற்ற வால்வுகளும் விழித்துக்கொள்ளும். அதன் இடத்திலும் டையோடு வைத்துவிட்டால், ஸ்விட்சைப் போட்டவுடனே முழு அழுத்தமும் வந்து நிற்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய வால்வுகள் இன்னும் தயாராகவில்லை. பாரம் கண்டென்ஸர்களின் தலையில் விழுகிறது. மந்தம் என்று நாம் நினைத்தது பொறுமையாக இருந்திருக்கிறது!

குறையைக் களையும் உரிமை நிச்சயமாக உண்டு. ஆனால், அந்தக் குறை இத்தனை நாளும் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று கேட்டறிந்தவனுக்கே அது உண்டு என்பது என் எண்ணம். வீட்டுக்குப் புதிதாக வந்து, பெரியவரின் நிதானத்தைக் கையாலாகாத்தனம் என்று முடிவு கட்டி, சாவிக்கொத்தை வாங்கிக்கொள்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர்; பெரும்பாலும் கெட்டிக்காரர்கள். கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு முன்னே கை வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கேட்டறிந்தவனுக்கும் கடமை மீதி இருக்கிறது. பின்னால் வருகிறவர் மனம் மாறினால் பழையபடி ஆக்கிக்கொள்ளும் வகையில், தகட்டில் புதிதாகத் துளை போடாமல் வேலையைச் செய்ய வேண்டும். கழற்றிய பாகங்களை ஒரு பெட்டியில் பத்திரப்படுத்த வேண்டும். எதை எடுத்தோம், எதை வைத்தோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கருவிக்குள்ளேயே வைக்க வேண்டும். என்றைக்காவது விற்க நேர்ந்தால், மாற்றிய கருவியை 'ஆதியில் இருந்தபடியே இருக்கிறது' என்று சொல்லி விலையை உயர்த்தக் கூடாது. பவர் சப்ளை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பொய் சொன்னால் வாங்குகிறவருக்கு எளிதில் தெரியாது. அதனாலேயே அங்கே உண்மை அதிகம் வேண்டியிருக்கிறது.

நண்பருக்கு இதைத்தான் எழுதினேன்: "தாராளமாக மாற்றுங்கள். ஆனால் உங்களுக்குப் பிறகும் ஒருவர் அந்தப் பெட்டியைத் திறப்பார் என்பதை நினைத்துக்கொண்டு மாற்றுங்கள்."