கூடப்பிறந்தவளின் கையெழுத்து

சார்பதிவாளர் அலுவலக வாசலில், பத்திர எழுத்தரின் மேசையோரம் அண்ணனும் தங்கையும் காத்து நிற்பது தமிழ்நாட்டில் யாருக்கும் புதிய காட்சியல்ல. அப்பாவின் காரியங்கள் முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்திருக்கும். புகுந்த ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த தங்கை, தாள்களின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவாள். உள்ளே கூப்பிட்டதும் புகைப்படம், விரல் ரேகை. யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதோடு தன் பாகத்தை விட்டுவிடுவதாகவும், இனி அந்தச் சொத்தில் தனக்கு எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்றும் அந்த விடுதலைப் பத்திரம் சொல்லும். வேலை முடிந்ததும் பக்கத்து ஓட்டலில் சாப்பாடு. அண்ணன் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பார்.

உடன்பிறந்தவனுக்காக ஒரு பெண் தன் பங்கை விட்டுக்கொடுப்பது பெருந்தன்மைதான். அதில் குற்றம் காண எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவள் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். மறுத்தால் பிறந்த வீட்டு வாசற்படி மிதிக்க முடியாது என்ற நிலையில் கொடுப்பதைக் கொடை என்று சொல்ல முடியுமா?

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். இடையில் அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தச் சட்டமும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமாகிப் போன பெண்களை விலக்கிவிட்டது. ஒரே வீட்டில் அக்காளுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு என்ற விசித்திரம் 2005இல் வந்த மத்தியத் திருத்தத்தோடு நீங்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. ஏட்டில் இனிச் சேர்க்க அதிகம் இல்லை. உரிமை முழுமையாகக் கிடைத்திருக்கும் இந்தக் காலத்தில்தான் அதை எழுதி வாங்கிக்கொள்ளும் பத்திரங்களும் பதிவாகின்றன. அவளுக்குப் பங்கே இல்லாத நாளில் அவள் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

அண்ணன்மார் சொல்லும் நியாயங்களைத் தள்ளிவிடக் கூடாது. "நகை போட்டோம், சீர்செனத்தி செய்தோம், இன்னும் என்ன?" என்பது முதல் நியாயம். கடன் வாங்கித் தங்கைக்குக் கல்யாணம் செய்து, அந்தக் கடனைப் பத்து வருடம் அடைத்த அண்ணன்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. ஆனாலும் அந்த நகை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். புகுந்த வீட்டு அவசரத்துக்கு அடகுக் கடை ஏறும் முதல் பொருள் அதுதான். நிலத்தின் மதிப்போ புறவழிச்சாலை வந்தால் பத்து மடங்காகும். தவிர, அவள் கேட்டு வாங்கியதில்லை அந்தச் சீர். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது, ஊர் எதிர்பார்த்தது. பிறர் கேட்டதற்குக் கொடுத்ததை அவள் கணக்கில் பற்று எழுதுவது சரியாகாது.

பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பவன் மகன் என்பது இரண்டாவது நியாயம். இது கனமானது. ஆனால் மகன் வீட்டில் மாமனாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவள், படுக்கை விரிப்பைத் துவைத்துப் போடுபவள் யார்? மருமகள். அவளும் வேறொரு ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில், தன் அண்ணனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவளாகவே பெரும்பாலும் இருப்பாள். மாமியாரின் சொத்திலும் அவள் பெயர் இல்லை, அப்பாவின் சொத்திலும் இல்லை. பணிவிடைதான் பங்குக்கு அடிப்படை என்றால் முதல் பாகம் அவளுக்கல்லவா போக வேண்டும்?

மகள்களும் பழைய மகள்களாக இல்லை. அப்பாவின் மருத்துவமனைச் செலவைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறார்கள். இரவில் கட்டிலோரம் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பெற்றோர் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம் மகன், மகள் இருவர் மீதும் ஒரே கடமையை வைக்கிறது. கடமையில் ஆண்பிள்ளை மாதிரி என்று மகளைக் கொண்டாடும் வீடு, பாகம் பிரிக்கும் நாளில் மட்டும் அவளைக் கட்டிக்கொடுத்த பெண் என்கிறது. இந்த முறை மாற வேண்டுமென்றால் மகள் பக்கமும் ஒன்று மாற வேண்டும். பங்கை வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்ப்பது மட்டும் அண்ணியின் பொறுப்பு என்று இருந்துவிட முடியாது.

இந்த நியாயங்களுக்கெல்லாம் அடியில் கிடப்பது பயம். வழக்குப் போட்டு வென்றாலும் நாளைக்கு மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர மாட்டான். காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்க ஆளிருக்காது. கணவன் அடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வீடு இருக்காது. இவற்றை எண்ணித்தான் அவள் பேனாவை எடுக்கிறாள். நிலத்தை விலையாகக் கொடுத்து உறவை வாங்கிக்கொள்கிறாள் என்பதே உண்மை. உறவு முறிந்தால் ஊர் யாரைச் சொல்கிறது? பங்கு கேட்டவளை. கொடுக்க மறுத்தவன் மேல் அந்தப் பழி விழுவதில்லை. இந்த ஓரவஞ்சனை இருக்கும்வரை அவளுடைய முழு மனதைப் பத்திரத்தில் எழுதலாமே தவிர, நம்ப முடியாது.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. அறுபது சென்ட் நிலம், அதை உழுது பிழைக்கும் அண்ணன், நகரத்தில் வசதியாக இருக்கும் தங்கை. அதைக் கூறுபோட்டால் எவருக்கும் உதவாது. அங்கே அவள் விட்டுக்கொடுப்பதே நியாயமாகவும் இருக்கலாம். பங்கு கேட்கச் சொல்லித் தூண்டுவது கணவனின் கடன் நெருக்கடியாகவும் இருக்கலாம். இவையெல்லாம் அவள் எண்ணிப் பார்க்க வேண்டியவை. அவளுக்காக அண்ணன் எண்ணி முடித்து, தாளை அடித்து வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று போனில் சொல்வதுதான் தவறு.

சொத்தின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து, பட்டா நகலை எதிரில் வைத்து, "இதில் உன் பங்கு இவ்வளவு வருகிறது. யோசித்துச் சொல். எப்படிச் சொன்னாலும் பொங்கலுக்கு வழக்கம்போல் வருவேன்" என்று ஓர் அண்ணன் சொல்லிவிட முடியும். அதற்குப் பிறகு அவள் போடும் கையெழுத்து கொடைதான். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பட்டுப்புடவையோடு ஊர் திரும்பும் பெண்களில் எத்தனையோ பேரிடம் அந்தத் தொகை எவ்வளவு என்பதைக்கூட யாரும் சொன்னதில்லை.