யோகசாலையை மூடியவர்

இருபது ஆண்டுகளாக நகரத்திலே யோகசாலை நடத்தி வந்த ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தபின் அதனை மூடிவிட்டு, ஒரு மருந்துக் கடையிலோ முதியோர் இல்லத்திலோ மாத ஊதியத்திற்கு அமர்கின்றார் எனக் கொள்வோம். அண்டை அயலார் என்ன சொல்லுவர்? "எப்படி இருந்தவர், இப்படி ஆகிவிட்டாரே!" என்பர். இச்சொல்லில் இரக்கம் உண்டு. இரக்கத்தின் அடியிலே ஒரு தீர்ப்பும் உண்டு. அத்தீர்ப்பு நேரியதுதானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

யோகம் தவமாக மட்டும் இருந்த காலம் போய், அது பிழைப்பும் ஆகி நெடுநாளாயிற்று. இதில் இழிவு யாதும் இல்லை. கற்பிப்பவருக்கும் வயிறு உண்டு. 2014-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஜூன் 21-ஆம் நாளை உலக யோகா நாளாக அறிவித்தது முதல் இத்தொழிலுக்கு ஒரு மதிப்பும் கூடிற்று. ஆயினும் இதன் வரவு செலவு வெளியார் அறியாதது. மாணாக்கர் வருவது விடியலில் சில மணி நேரம், அந்தியில் சில மணி நேரம். கூடத்துக்கு வாடகையோ நாள் முழுவதுக்கும். ஆசிரியரின் உடலே அவர்தம் முதலீடு. அம்முதல் ஆண்டுதோறும் தேய்கின்றது. முப்பது வயதில் நாளொன்றுக்கு நான்கு வகுப்புகளில் மடங்கியும் நிமிர்ந்தும் காட்டிய முழங்கால், ஐம்பதில் கணக்குக் கேட்கின்றது. இந்நிலையில் 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. யோகசாலைகளைத் திறக்க இசைவு கிடைத்தது ஆகஸ்டு 5 முதற்கொண்டுதான். நான்கு மாதங்களுக்கு மேல் கூடம் பூட்டிக் கிடந்தது. வாடகை பூட்டிக் கிடக்கவில்லை. அமெரிக்காவில் யோகாவொர்க்ஸ் என்னும் பெரிய நிறுவனமே அவ்வாண்டில் தன் கூடங்களை மூடித் திவால் மனுச் செய்தது. பெருநிறுவனம் மூடினால் அதனைச் சந்தையின் போக்கு என்பர். தனி ஆசிரியர் மூடினால் அவர்தம் குறை என்பர்!

இக்காலத்து யோகப் பயிற்சிக்கு முன்னோடியாகப் போற்றப்படும் கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையை எடுத்துக் கொள்வோம். 1888-இல் பிறந்த அவர், பல சாத்திரங்களைக் கற்றுத் தேர்ந்தும் வறுமையினால் 1920-களில் ஹாசன் பகுதியில் ஒரு காப்பித் தோட்டத்திலே வேலை பார்த்தார் என அவர் வரலாறு கூறும். பின்னர் மைசூர் மன்னரின் ஆதரவில் 1933-இல் ஜகன்மோகன அரண்மனையில் யோகசாலை அமைந்தது. ஆதரித்த மன்னர் 1940-இல் மறைந்தார். நாடு விடுதலை பெற்று அரசர்களின் ஆட்சி முடிந்தபின், 1950-இல் அச்சாலை மூடப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அவ்வயதில் ஊர் பெயர்ந்து, 1952-இல் சென்னைக்கு வந்து, புதிதாகத் தொடங்கினார். அரண்மனைச் சிறுவர்களை அணியாக நிறுத்திப் பயிற்றியவர், சென்னையில் நோயாளிகளை ஒருவர் ஒருவராக அமர்த்திப் பயிற்றினார். தொழிலின் பெயர் மாறவில்லை, தொழில் மாறிற்று. யோகசாலை மூடப்பட்டதனால் அவர் குறைந்துவிட்டார் என்று எவரேனும் இன்று சொல்லத் துணிவரோ?

இவ்விடத்தில் ஒரு விந்தையைக் காண்கின்றோம். ரீகா நகரில் பிறந்து மேடை நடிகையாக விளங்கிய இந்திரா தேவி, நாற்பதை நெருங்கும் வயதில் மைசூரில் இதே ஆசிரியரிடம் யோகம் கற்று அதனையே தொழிலாக்கிக் கொண்டார். ஆசிரியரின் மைந்தர் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். அதனைத் துறந்து தந்தையின் வழிக்கு வந்தார். இவ்விருவரையும் உலகம் மெச்சுகின்றது. மேடையை விட்டு யோகத்துக்கு வருதல் உயர்வு. பொறியியலை விட்டு யோகத்துக்கு வருதல் தியாகம். எனின், யோகத்தை விட்டு முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டும் பணிக்குப் போதல் மட்டும் எங்ஙனம் வீழ்ச்சியாகும்? மாற்றம் ஒன்றே, திசை மட்டுமே வேறு. திசையைப் பார்த்துப் புகழும் இகழும் வழங்குகின்றவர், தொழில்களை மேலும் கீழுமாக அடுக்கிய ஓர் ஏணியை மனத்திலே வைத்திருக்கின்றார் என்பது வெளிப்படை.

அந்த ஏணியை நாம் நன்கு அறிவோம். அதன் கடைப்படியில் நம் முன்னோர் நிறுத்தப்பட்டிருந்தனர். டாக்டர் அம்பேத்கர் 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது வேலையைப் பங்கிடுவதோடு நில்லாது வேலை செய்வோரையே பிரித்து அடுக்குகின்றது எனக் காட்டினார். ஒரு தொழில் நலிந்தபோது வேறு தொழிலுக்குப் பெயர விடாமையினால் அது வேலையின்மைக்கே காரணமாகின்றது எனவும் விளக்கினார். ஆகவே தொழில் மாறும் உரிமை நமக்குச் சிறிய செய்தியன்று. வாசெட்ட சூத்திரத்திலே ததாகதர், புல்லுக்கும் பறவைக்கும் உள்ளதுபோல் மனிதருக்குள் பிறவி அடையாளம் இல்லை எனவும், உழவன், வணிகன், கம்மியன் என்பன அவரவர் செய்கையினால் வந்த பெயர்களே எனவும் தெளிவுறுத்தினார். செய்கையால் வந்த பெயர் செய்கை மாறினால் மாறும், அவ்வளவே. தீகஜாணு என்னும் இல்லறத்தானுக்கு அறம் உரைத்தபோதும், உழவு, வாணிகம், ஆநிரை காத்தல், வில்தொழில், அரச சேவை, கைவினை ஆகியவற்றை வரிசையாகக் கூறி, எதுவாயினும் திறமையும் ஊக்கமும் வேண்டும் என்றாரேயன்றி, இது மேல், அது கீழ் எனப் பகுத்தாரில்லை.

"ஊரார் தீர்ப்பு இருக்கட்டும், அவர் மனமே அவரைச் சுடுகின்றதே" எனச் சிலர் வினவக்கூடும். உண்மை. நேற்றுவரை 'மாஸ்டர்' என்றும் 'குருஜி' என்றும் வணங்கப்பட்டவர், இன்று தம் மகன் வயதுள்ள மேலாளரிடம் விடுமுறைக்கு விண்ணப்பம் நீட்ட வேண்டும். கை நடுங்கும். ஆயின் மானம் என்னும் மாசினைத் தம்மம் மூவகையாகச் சொல்லுகின்றது: உயர்ந்தவன் என்னும் எண்ணம், நிகரானவன் என்னும் எண்ணம், தாழ்ந்தவன் என்னும் எண்ணம். மூன்றாவதும் மானமே என்பதுதான் பலர் கருத்தில் படுவதில்லை. 'தாழ்ந்துவிட்டேன்' என்று வருந்துபவர், 'உயர்ந்திருந்தேன்' என்ற பழைய நினைப்பைத்தான் வேறு வடிவில் சுமக்கின்றார்.

மூடுவதைக் காட்டிலும் மூடாமல் இழுத்துக்கொண்டு போவதிலேதான் பெருங்கேடு உண்டு என்பது எம் துணிபு. மாணாக்கர் குறைந்த சாலையின் தலைவருக்கு இரண்டு வழிகள் எளிதாகத் தோன்றும். ஒன்று, நாற்பது நாளில் நீரிழிவு ஒழியும், முதுகெலும்புத் தேய்வு நீங்கும் எனப் பலகை எழுதுதல். மற்றொன்று, இருநூறு மணி நேரப் பயிற்சி என்று பெயரிட்டு, பக்குவம் பாராது பணம் கட்டியவர்க்கெல்லாம் ஆசிரியர் சான்றிதழ் வழங்குதல். ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐவகை வாணிகத்தை விலக்கினால் நல்வாழ்க்கை கைகூடிற்று என்று நம்மவர் பலர் எண்ணி அமைகின்றனர். மகா சத்தாரீசக சூத்திரமோ வஞ்சித்தலையும், இச்சகம் பேசுதலையும், இலாபத்தைக் கொண்டு இலாபம் தேடுதலையும் தீய பிழைப்பு என்றே எண்ணுகின்றது. மருந்தை நிறுத்திவிட்டு ஆசனத்தை நம்பிய ஒரு நோயாளிக்குக் கேடு நேருமாயின், அந்த யோகசாலை நஞ்சு விற்ற கடையினின்றும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றது? மருந்துக் கடையில் மருத்துவர் எழுதிய மாத்திரையைச் சரியாக எண்ணிக் கொடுப்பவர் அவரினும் நல்வாழ்க்கையர் அல்லரோ?

இன்னொன்றும் சொல்லியாதல் வேண்டும். மாறுதல் எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதன்று. நம் பௌத்த சங்கங்கள் வேரூன்றிய கோலார் தங்கவயலில், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாக ஆழத்தில் இறங்கியவர்கள், நாற்பதிலும் ஐம்பதிலும் மேலே நிறுத்தப்பட்டார்கள். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இரவில் திரும்பும் வாழ்க்கை பல வீடுகளுக்கு வந்தது. பாறை வெடிக்கும் நுட்பம் அறிந்தவனை ஓர் அடுக்குமாடியின் வாயிற்காவலுக்கு நிறுத்துவதைத் தொழில் மாற்றம் என்று அழகாகச் சொல்லிவிடலாகாது; அவனுக்குத் தெரிவு ஏது? யோகசாலைத் தலைவருக்குச் சிறிது சேமிப்பும், பேச்சுத் திறனும், பழைய மாணாக்கரின் அறிமுகமும் உண்டு. அவர் நிலை துன்பமேயாயினும், வழியுள்ள துன்பம்.

அவ்வழியில் இறங்குமுன் அவர் செய்து முடிக்க வேண்டியவை சில உள. ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டியவருக்கு எஞ்சிய மாதங்களின் பணத்தைக் கேளாமலே திருப்பித் தருதல் வேண்டும். முதுகு வலியோடும் மூச்சுத் திணறலோடும் நம்பி வந்த மாணாக்கரைத் தகுந்த வேறு ஆசிரியரிடம், அவர் தமக்குப் போட்டியாக இருந்தவராயினும், கைப்பிடித்து ஒப்படைத்தல் வேண்டும். காலையில் கூடம் பெருக்கும் அம்மையாருக்கு முன்கூட்டியே சொல்லி, அவருக்கும் ஓர் இடம் தேடித் தருதல் வேண்டும். அவரும் ஐம்பதைக் கடந்தவராகவே இருப்பார். இவை முடிந்தபின் பெயர்ப் பலகையைக் கழற்றலாம்.