சுவரில்லா மண்டபத்திற்கு ஒரு பூட்டு

துருக்கி நாட்டின் அக்ஷெஹிர் நகரில் முல்லா நஸ்ருத்தீனுடைய அடக்கத்தலம் இருக்கிறது. பக்கச் சுவரில்லாத மண்டபம். அதன் முன்வாயிலில் மட்டும் பெரியதொரு பூட்டு! கல்லில் காணும் ஹிஜ்ரி ஆண்டு 386. அதனைத் திருப்பி 683 என்று படிக்க வேண்டும் என்பது மரபு, அதாவது கி.பி. 1284. அவர் கதைகளைச் சொல்லும் வழக்கத்தை ஏழு நாடுகளின் பொதுச் சொத்தாக யுனெஸ்கோ 2022இல் பட்டியலில் சேர்த்தது. இத்தனை நூற்றாண்டுகளாக நாம் யாரைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருக்கிறோம்?

முல்லா அண்டை வீட்டாரிடம் அண்டா ஒன்றை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுத்தபோது உள்ளே ஒரு சிறு சட்டியும் இருந்தது. "உங்கள் அண்டா குட்டி போட்டிருக்கிறது" என்றார். அண்டை வீட்டார் மகிழ்ந்து இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். மறுமுறை இரவல் போன அண்டா திரும்பி வரவேயில்லை. கேட்டதற்கு, "அது இறந்துவிட்டது" என்றார் முல்லா. "அண்டா எங்காவது சாகுமா?" என்று அவர் சீற, "குட்டி போடும் என்பதை நம்பினீரே, சாகும் என்பதை ஏன் நம்பமாட்டீர்?" என்றார் முல்லா.

அண்டை வீட்டாரை முட்டாள் என்று சொல்லி நாம் சிரிக்கிறோம். அவர் முட்டாளல்லர். செம்பும் பித்தளையும் ஈனா என்பது அவருக்குத் தெரியும். சட்டி கைக்கு வந்த அந்தக் கணத்தில் அறிவுக்கு அவர் விடுமுறை அளித்தார். அண்டா போன அன்று அதனை அவசரமாகத் திரும்ப அழைத்தார். பேதைமை என்பது பல வேளைகளில் அறிவின் குறைவன்று. ஆசை அறிவுக்குத் தரும் விடுப்பு.

முல்லா செய்தது மட்டும் நேர்மையா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் பொய் விலைபோக வேண்டுமாயின் சொல்பவர் ஒருவர் போதாது, வாங்குபவரும் வேண்டும். ஏமாற்றியவரின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. நம் பங்கு நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவே.

கடைக்காரர் மீதிச் சில்லறை குறைத்துத் தந்தால் இருமுறை எண்ணுகிறோம். கூட்டித் தந்தால் எண்ணாமலே பையில் போடுகிறோம். மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தை, சில மாதங்களில் இரட்டிப்பதாகச் சொல்பவரிடம் ஒப்படைக்கிறோம். வட்டமாய் லாபம் வரும்வரை 'எங்கிருந்து வருகிறது?' என்று கேட்பதில்லை. முதலே முழுகிய பிறகுதான் காவல் நிலையத்தின் வழி நினைவுக்கு வருகிறது. அப்போது அழுவது நாம் மட்டுமா? கேள்வி கேட்க வாய்ப்பே பெறாத அந்தப் பெண்ணுமல்லவா அழுகிறாள்!

ஆகவே ஓர் எளிய சோதனையை நாம் கைக்கொள்ளலாம். இனிக்கும் செய்தி வரும்போது, இதே ஆதாரத்தோடு கசப்பான செய்தி வந்திருந்தால் நம்பியிருப்போமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

பிறர் நம்மை ஏமாற்றாதிருக்க முன்வாயிலில் பெரிய பூட்டுத்தான் போட்டிருக்கிறோம். பக்கங்களில் சுவர் எழுப்பினோமா?