யாரிடம் மறைப்பது, யாரிடம் சொல்வது

வீட்டில் ஒருவர் போதை மாத்திரைக்கோ ஹெராயினுக்கோ அடிமைப்பட்டிருப்பது தெரியவரும்போது, அதை வெளியில் விடாமல் காப்பது குடும்பத்தின் கடமையா, அன்றி அவ்வாறு காப்பதே அவருக்கு இழைக்கும் தீங்கா என்பது எளிதில் தீராத அறச்சிக்கல். கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் பாலான அபின், அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்பின், மார்பினை மாற்றிச் செய்யப்படும் ஹெராயின், ஆய்வுக்கூடத்தில் உருவான டிரமடால், டேபென்டடால் முதலிய வலி நிவாரணிகள் ஆகியவற்றை ஓபியாய்டுகள் என்று மருத்துவம் ஒரே குடும்பமாகக் கொள்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 77 லட்சம் பேர் உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர்.

மறைக்க விரும்புவோரின் தரப்பைப் போலி மானம் என்று தள்ளிவிட முடியாது. செய்தி தெருவுக்குப் போனால் தங்கையின் திருமணப் பேச்சு நின்றுபோகும், வேலை பறிபோகும், காவல் நிலையம் வரை அலைய நேரும் என்னும் அச்சங்கள் கற்பனையானவை அல்ல. ஊர் முகஞ்சுளிப்பதுதான் இளையோரைத் தடுக்கும் வேலி, அதைத் தளர்த்தினால் தவறு இயல்பாகிவிடும் என்னும் வாதமும் உண்டு. முதன்முறை கை நீட்டப் போகிறவரை வெட்கம் சில வேளை தடுக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உடலே மருந்தைச் சார்ந்துவிட்ட பின்னர், அதே வெட்கம் அவரை மருத்துவரிடம் போகவிடாமல் தனியறைக்குள் அடைக்கிறது.

பழைய அளவு போதாமல் போகுமளவுக்கு உடல் பழகிவிடுவதைத் தாங்குதிறன் என்றும், மருந்தை நிறுத்தியதும் வரும் துன்பங்களை விலகல் அறிகுறிகள் என்றும் குறிப்பிடுவர். ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழியும் வலி என்று அவை வரும்போது, விவரம் அறியாத வீட்டார் காய்ச்சல் என்று கருதிக் கஷாயம் கொடுக்கக் கூடும். விவரம் அறிந்தவர்களோ சில வேளை அறையில் பூட்டிவைத்து, சில நாளில் துன்பம் தணிந்ததும் குணமாகிவிட்டதாக நம்புகின்றனர். ஏக்கம் அப்படியே இருக்கத் தாங்குதிறன் மட்டும் இறங்கிவிடுவதால், வெளியே வந்தவர் பழைய அளவை எடுத்துக்கொண்டால் மூச்சு குறைந்து நின்றுபோகக் கூடும். அன்பினால் பூட்டிய கதவு உயிரைப் பறிக்க வழிசெய்யும் கொடுமை இது. மாறாக, மருத்துவர் மேற்பார்வையில் பூப்ரநார்பின் அல்லது மெத்தடோன் நெடுநாள் கொடுக்கும் சிகிச்சை ஏக்கத்தைத் தணித்து இறப்புகளைக் குறைக்கிறது. ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா என்று இதை இகழ்வோர், அந்த மருந்தை உட்கொண்டவர் மறுநாள் வேலைக்குப் போக முடிவதைக் கணக்கில் கொள்வதில்லை.

ஆகவே, மறைப்பதா சொல்வதா என்னும் கேள்வியை யாரிடம் மறைப்பது, யாரிடம் சொல்வது என்று பிரித்துக் கேட்க வேண்டும். தெருவுக்குச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை; போதைப் பழக்கம் சார்ந்த மனநலக் குறைகளையும் உள்ளடக்கும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே வகுத்துள்ளது. மருத்துவரிடம் மறைப்பதற்கோ எந்த நியாயமும் கிடையாது. வழக்குக்கு அஞ்சுவோர் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவை அறிந்திருப்பது நல்லது: சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெற அது இடமளிக்கிறது, சிகிச்சையை முடிக்காதவரிடமிருந்து விலக்கைத் திரும்பப் பெறவும் செய்யலாம். சட்டமே இவ்வளவு இரங்கும்போது, ஊர் இரங்க மறுப்பது முறையன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் சிகிச்சையின் ஓர் அங்கமாக எண்ணியது. உறவும் அயலும் அந்த நான்காம் இடத்தை நிரப்ப வேண்டியவர்கள். புறம்பேசுபவர் அந்தக் குடும்பத்தின் வாயை அடைத்து, நேரக்கூடிய சாவில் பங்கேற்கிறார். மருந்துச் சீட்டின்றி இம்மாத்திரைகளை விற்கும் கடைக்காரரின் பங்கு அதனினும் பெரிது. இந்த எச்சரிக்கை, புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்பின் மறுக்கும் அச்சமாக மாறிவிடவும் கூடாது.

மயங்கியவரின் மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாரித்து, கண்பாவை ஊசிமுனையளவு சுருங்கியிருந்தால், உடனிருப்போர் போலீசுக்குப் பயந்து ஓடிவிடாமல் 108-ஐ அழைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எடுத்துக்கொண்டது இன்னதென்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உரிய நேரத்தில் கொடுத்தால் நலாக்ஸோன் என்னும் மாற்று மருந்து மூச்சை மீட்டுவிடும். அந்த நிலை வரும் முன்னரே பேச விரும்பும் குடும்பங்களுக்காக, போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 14446 இருக்கிறது.