ஒரு ஜோடிக் காலணி

ஏழைக் குழந்தைக்குச் சோறு போடுவது தர்மம் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. புத்தகம் வாங்கிக் கொடுப்பதையும் ஒப்புக்கொள்வோம். விளையாட்டுச் சாமான் என்றால்தான் மனம் தயங்குகிறது. ‘விளையாடாவிட்டால் உயிரா போய்விடும்?’ என்கிறோம்.

உயிர் போகாதுதான். ஆனால், வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் குழந்தை, சந்தோஷம் தன்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்று தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தைப் பின்னால் மாற்றுவது எளிதல்ல.

கனடாவில் ஐஸ் ஹாக்கி என்றால் பிள்ளைகளுக்கு உயிர். ஒரு காலத்தில் உறைந்த குளமும் ஆறும் போதும். அவற்றுக்கு யாரும் வாடகை கேட்டதில்லை. இன்றைக்கு முறையான ஆட்டம் கூரைக்குக் கீழே நடக்கிறது. தரைக்கடியில் குழாய் பதித்து, குளிரூட்டிய உப்புநீரை ஓடவிட்டு உண்டாக்கிய பனித்தரை அது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. தலைக்கவசம், கையுறை, மார்புக் கவசம், மட்டை, சறுக்குக் காலணி எல்லாம் வேண்டும். போதாக்குறைக்குக் குழந்தையின் கால் வேறு வளர்ந்துகொண்டே இருக்கிறது! போன வருஷத்துக் காலணி இந்த வருஷம் சேராது. பிள்ளை வளர்கிறான் என்று மகிழ வேண்டிய தகப்பன் கவலைப்படுகிறான்.

2007-இல் கனடா அரசு பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்துக்கு வரிச்சலுகை அளித்தது. நல்ல எண்ணந்தான். ஆனால், முதலில் கட்டணத்தைக் கட்ட வேண்டும். பிறகே வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டுமளவுக்கு வருமானமே இல்லாதவன் எதில் கழிப்பான்? 2014 வரை அவனுக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. 2017-இல் அந்தச் சலுகையே போய்விட்டது.

தர்ம நிதிகள் இல்லாமலில்லை. சில இடங்களில் வருமானத்துக்குச் சான்று கேட்பார்கள். பணம் கொடுப்பவன் கேட்பது நியாயமே என்று நீங்கள் சொல்லலாம். நானும் மறுக்கவில்லை. ஆனால், காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் தாயின் பக்கத்தில் அந்தப் பையனும் நிற்கிறானே! காலணி கிடைத்துவிடும், கூடவே, தான் இரவல் பிள்ளை என்ற நினைப்பும் அவன் காலோடு ஒட்டிக்கொள்ளும்.

வேறு வழியும் உண்டு. கனடாவில் பல ஊர்களில், பருவம் தொடங்குமுன், சிறுத்துப்போன காலணிகளையும் கவசங்களையும் ஒரு கூடத்தில் பரப்பி விற்று வாங்குகிறார்கள். வசதியுள்ளவனும் அங்கே பழையதைத்தான் வாங்குகிறான். ஆகவே பழையதில் வெட்கமில்லை. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் எட் ஸ்னைடர் 2005-இல் தொடங்கிய அறநிறுவனம், சேரும் பிள்ளைகளுக்கெல்லாம் சாமானும் பயிற்சியும் இலவசமாகத் தந்து, பள்ளிப் பாடத்திலும் உதவுகிறது. எல்லாருக்கும் கிடைக்கும்போது யார் தனியாகத் தெரிவார்கள்?

பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கோர்டி ஹவ் என்ற ஆட்டக்காரரின் கதை ஒன்று உண்டு. 1930-களின் பஞ்ச காலம். சாஸ்கட்டூன் நகரில் அவர்கள் வீட்டு வாசலுக்கு ஓர் ஏழைப் பெண் ஒரு மூட்டைப் பழஞ்சாமான்களோடு வந்தாள். குழந்தைகளுக்குப் பால் வாங்கக் காசு வேண்டும். கோர்டியின் தாயும் ஏழைதான். ஆனாலும் கையிலிருந்ததைக் கொடுத்து மூட்டையை வாங்கிக்கொண்டாள். அவிழ்த்தால், உள்ளே ஒரு ஜோடிச் சறுக்குக் காலணி! சிறுவன் ஒன்றை மாட்டிக்கொண்டான். மற்றதை அவன் சகோதரி மாட்டிக்கொண்டாள்.

ஒரு வீட்டில் பால் வந்தது. இன்னொரு வீட்டில் ஆட்டம் பிறந்தது. கொடுத்தவள் யார், வாங்கியவள் யார்? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படிச் சொல்லத் தெரியாமல் செய்யப்படும் உதவிதான் உயர்ந்தது என்று மட்டும் தோன்றுகிறது.